கைகழுவிய சிஸ்டம்

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிய மெக்கானிக் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். விசிறி முழுக்கத் திரி திரியாகத் தூசி. மதர்போர்டின் மேல் ஒரு கரப்பான்பூச்சி செத்துக் காய்ந்து கிடந்தது.

“இதை யாரும்மா அசெம்பிள் பண்ணாங்க?”

“நானேதான். பவர் சப்ளையை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்,” என்றார் அந்த வீட்டு அம்மாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினார். திரையில் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுந்து வந்ததும் அவர் முகம் இன்னும் கோணியது.

“கர்மம், இதையா இன்னும் ஓட்டுறீங்க? கம்பெனியே கைகழுவிப் பன்னிரண்டு வருஷமாச்சு. அப்டேட் கிடையாது. எந்தத் திருடனும் உள்ள வரலாம்.”

“அதுக்குத்தான் இன்டர்நெட்டே குடுக்கல.”

“புதுசு போட்டுத் தரேம்மா.”

“வேண்டாங்க.”

“என்ன பிடிவாதமோ! கோளாறு இருக்கப் போய்த்தானே நிறுத்துனாங்க?”

“கோளாறே இல்லைங்க. நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“அந்தக் கம்பெனியில அப்ப நான் மேலதிகாரி. இது யாரையும் வேவு பார்க்காது, அதனால லாபமில்லைன்னு நிறுத்தினோம். புதுசுல நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தும் எங்ககிட்ட வந்துடும். அப்படித்தான் செத்துப்போன பிள்ளைக்கு ஒருத்தி எழுதின கடிதம் வந்துச்சு. அதைப் படிச்சிட்டு, அவளுக்கு எதை விக்கலாம்னு மீட்டிங் போட்டோம்.”

அந்த அம்மாள் திரையையே பார்த்தார்.

“முதல் யோசனை சொன்னதே நான்தான். இன்னும் குமட்டுது.”