முழங்கால் தண்ணீர்

தண்ணீரில் வைத்த காலை அவள் சட்டென்று வெளியே எடுத்தாள்.

மாசி மாதம். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. தண்ணீர் அதற்குள் சுட்டது.

கரையில் ஒருவன் நின்றிருந்தான். காக்கிச் சட்டை, கழுத்தில் தொலைநோக்கி. பறவைகள் சரணாலயத்தின் காவலன். இதே ஏரியில் மீன் தடவியதற்காகப் பதினான்கு வருடங்களாக அவளை விரட்டியவன். ஒருமுறை, மீன் போட்டுவைக்கும் அவளுடைய ஓலைப்பறியை பூட்ஸ் காலால் மிதித்து நசுக்கியிருக்கிறான்.

இன்று அவனே இருளர் குடியிருப்புக்குப் போய்க் கூட்டி வந்திருந்தான். அவள் பெயர் ஏகவல்லி என்பதே அங்கே விசாரித்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மரங்களிலிருந்து நாரைக் குஞ்சுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. ஏரியில் பொடிமீன் இருக்கிறதா இல்லையா என்று அதிகாரி கேட்டிருந்தார். வலை போட அனுமதி இல்லை. கையால் தடவி அறியத் தெரிந்தவள் அவள்தான்.

அவள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

இரண்டு கைகளும் சேற்றுக்குள் போயின.

ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. மீன்கள் சினையோடு காத்திருந்து ஓய்ந்த பிறகு, மார்கழியில் மூன்றே நாளில் மொத்த மழையும் கொட்டிவிட்டுப் போனது. அன்றோடு சரி. பிறகெல்லாம் வெயில். கரையோரம் நெடுக, பச்சைக் குழம்பாகப் பாசி.

நாரைகள் வந்துவிட்டன. வந்து, கூடும் கட்டிவிட்டன.

ஒரு மணி நேரம் தடவினாள். எந்தப் புல்லின் வேரடியில் இறால் ஒதுங்கும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். வேர்கள் விரலோடு கழன்று வந்தன. முகர்ந்து பார்த்து எறிந்தாள்.

கரையேறி உட்கார்ந்தபோது பறியில் ஒரு கைப்பிடி நத்தை ஓடுகள் இருந்தன. எல்லாம் வெறும் ஓடு.

"பாசி மேல மூடிக்கிச்சு சார். வெளிச்சம் அடியில எறங்கல, புல்லு அழுகிப்போச்சு. புல்லு இல்லாம பூச்சி இல்ல. பூச்சி இல்லாம பொடிமீனு எதத் தின்னும்?"

அவன் தலையை ஆட்டினான்.

அப்போது ஒரு நாரை வந்தது. கிழக்கே எங்கேயோ தொலைவிலிருந்து. தாழ்ந்த கிளையில் இருந்த கூட்டில் இறங்கியது. அதில் இரண்டு குஞ்சுகள் மிச்சமிருந்தன. அவன் தொலைநோக்கியைத் தூக்கினான். நாரையின் அலகிலிருந்து ஏதோ பளபளத்து விழுந்தது.

"மீனு," என்றான்.

அவள் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"தண்ணி சார். சூடு தாங்காதுன்னு குஞ்சுங்க மேல ஊத்துது."

ஊற்றி முடித்த நாரை, வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகுகளையும் விரித்து நின்றது. அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அவன் அதிகாரிக்குப் போன் செய்தான். "இல்லை" என்பதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். இனிமேல் அவள் எப்போது வேண்டுமானாலும் ஏரியில் இறங்கலாம், தான் தடுக்கப் போவதில்லை என்றான். சொல்லி முடித்ததும் அவனுக்கே கூசியது.

அவள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. பறியைக் கவிழ்த்துத் தட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மரங்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"பறவைங்க வராமப் போயிட்டா ஒங்கள எங்க சார் மாத்துவாங்க?"

அக்கறையாகத்தான் கேட்டாள்.

அவன் அதைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை.

கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றினான். பிறகு, அவளுக்குப் பக்கத்தில், சேற்றுக் கரையிலேயே உட்கார்ந்தான்.