எதிர்காற்றில் மரச் சைக்கிள்

ஃப்ரீஸ்லாந்தின் கால்வாய்க் கரையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. முதுகெலும்பு முறிந்தபின் இரண்டு வருஷமாகச் சைக்கிளே ஏறாத ஃபெம்கே, தானே வரைந்து, தானே இழைத்துச் செய்த, படுத்தபடி ஓட்டும் மரச் சைக்கிளில் மல்லாந்து சாய்ந்திருக்கிறாள். அதன் பலகையில் பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. "கட்டில்ல படுத்துக்கிட்டே ஊர் சுத்தக் கிளம்பிட்ட," என்கிறான் கணவன் யெல்லே, தன் சாதாரணச் சைக்கிளில் ஏறியபடி. அவள் கால்களை முன்னே நீட்டி மிதிக்கிறாள். நடுச்சட்டம் லேசாக வளைந்து முனகுகிறது. காது கொடுத்துக் கேட்கிறாள். விரிசல் விடும் சத்தம் இல்லை. பாலம் தாண்டியதும் எதிர்காற்று. தாழப் படுத்திருப்பதால் அது அவள் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. யெல்லேயின் சட்டைதான் புடைத்துப் படபடக்கிறது. "கொஞ்சம் நில்லேன், மூச்சு வாங்குது," என்கிறான் பின்னாலிருந்து. இரண்டு வருஷமாக அவளுக்காகப் பத்தடிக்கொரு தரம் நின்று நடந்தவன். ஃபெம்கே பிரேக்கில் வைத்த விரலை எடுத்துவிட்டு, நிற்காமல் மிதிக்கிறாள்.