வால் ஆட்டும் வண்டி

பட்டறை வாசலில் லாரியை நிறுத்திய பிறகும் சவரிமுத்து இறங்கவில்லை.

ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார்.

நடுங்கவில்லை. ஓடும்போதுதான் எல்லாம்.

டெங்குவில் படுத்து எழுந்து வந்தவருக்கு முதலாளி கொடுத்த வண்டி இது. லாரி புதிது. பின்னால் மாட்டியிருந்தது பழைய டிரைலர். வேகம் கொஞ்சம் ஏறினால் போதும், சாலை அசையத் தொடங்கும். இடது பக்கம் இழுக்கும். திருப்பினால் வலது பக்கம் இழுக்கும்.

காய்ச்சல் தன் தலைக்குள் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

நேற்று பாலத்தின் மேல் ஒரு பள்ளிக்கூட வேன் அவரை உரசுவதுபோல் கடந்தது. ஒரு சாண் இடைவெளி. உள்ளேயிருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கையாட்டின.

இனி ஓட்டக்கூடாது.

எரியாத பிரேக் லைட்டைச் சரி செய்துவிட்டு, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மனைவி ஜெசிந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மெக்கானிக் மைதீன் கையில் டீ கிளாசோடு சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது ஓடும்போது வால் ஆட்டுமே?"

சவரிமுத்து ஜன்னலில் தலையை வெளியே நீட்டினார். "என்ன சொன்னீங்க பாய்?"

"டிரைலர் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கி, பாருங்க. லாரி கம்பெனிக்காரன் டிரைலர் மாட்டுற கப்ளிங்கை உயரத்துல வச்சிருக்கான். இந்த டிரைலர் அந்த உயரத்துக்குச் செஞ்சதில்ல. பாரம் பூராவும் பின்னால சரியுது. எந்த டிரைவர் ஓட்டினாலும் ஆட்டத்தான் செய்யும்."

எந்த டிரைவர் ஓட்டினாலும்.

மெதுவாகக் கீழே இறங்கினார். டிரைலரின் மூக்கை நிமிர்ந்து பார்த்தார்.

டிரைலரை அதன் இரும்புக் கால்களில் நிறுத்தினார்கள். லாரி தனியாக முன்னால் நகர்ந்தது. டிரைலரைத் தாங்கிப் பிடிக்கும் கனத்த கப்ளிங் தட்டை மைதீன் சங்கிலி போட்டுத் தூக்கினார். அடியிலிருந்த தாங்கிகளைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்ததை வைத்து முடுக்கினார். சவரிமுத்து சும்மா நிற்கவில்லை. ஸ்பானரை வாங்கி ஒவ்வொரு போல்ட்டிலும் தன் எடையைப் போட்டு அழுத்தினார்.

கிரீஸ் பூசி, லாரியைப் பின்னால் எடுத்தார்.

டக்கென்று பூட்டு விழுந்தது.

உப்பளச் சாலையில் ஆளில்லை. ஐம்பதைத் தொட்டார். அந்த அசைவுக்காக உடம்பு முழுக்கக் காத்திருந்தது.

வரவில்லை.

அறுபது. கடல்காற்று பக்கவாட்டில் அடித்தது. கண்ணாடியில் டிரைலர் வரப்பு போல நேராக வந்துகொண்டிருந்தது.

சாலை, சாலையாகவே கிடந்தது.

அவர் கேபினுக்குள் ஓவென்று கத்தினார். பிறகு தனியாகச் சிரித்தார். ஜெசிந்தாவிடம் இனி சொல்லவே வேண்டாம். இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

அப்போதுதான் எபனேசர் ஞாபகம் வந்தது.

அவருக்கு முன்னால் இதே வண்டியை ஓட்டியவன். வண்டி தள்ளாடியதைப் பார்த்து யாரோ முதலாளிக்குப் போன் போட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். குடிக்கவில்லை என்று அவன் அழுததை ஷெட்டில் ஒருவரும் நம்பவில்லை. சவரிமுத்துவும்தான். அவன் குடிகாரன், தான் நோயாளி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை.

இப்போது இங்கேதான், உப்பளத்தில் மூட்டை தூக்குகிறான்.

உப்புக் குவியல்கள் தெரிந்த இடத்தில் சவரிமுத்து உள்ளே திரும்பி வண்டியை நிறுத்தினார். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்த எபனேசர், வண்டியைக் கண்டதும் அப்படியே நின்றான். முகம் இறுகியது.

அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தே விட்டுவிட்டு இறங்கினார். சுற்றிப் போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"கோளாறு வண்டியிலதான் இருந்திருக்கு. கப்ளிங்கை இறக்கியாச்சு. ஏறி ஓட்டிப் பாரு தம்பி."

எபனேசர் உள்ளங்கைகளைக் கைலியில் துடைத்தான். உப்பெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பிறகு ஏறினான்.

நாற்பது. ஐம்பது. அவன் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. அறுபதில் மெல்ல இறங்கின.

உப்பளத்துக்குத் திரும்பி வரும் வளைவு வந்தது. நேரே போனால் முதலாளியின் ஷெட்.

எபனேசர் திரும்பவில்லை.

சவரிமுத்து சீட்டில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.