காசுக்கு அந்திரட்டி

“ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வா. எதை விக்கிறதெண்டு நீதான் சொல்லவேணும்,” என்று சொல்லி அத்தான் போனை வைத்துவிட்டார்.

கஜீவனுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அத்தான் என்றால் அக்கா புனிதவதியின் கணவர் இரத்தினவேல். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு. அந்த வயதுக்கு வந்துவிட்டால், ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த கணக்கிலிருந்து வருடாவருடம் இவ்வளவு எடுத்தே ஆகவேண்டும். சட்டம் அப்படி. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். மார்கழி முடியமுதல் பத்தாயிரம் டொலர் எடுக்கவேண்டும் என்றால், கணக்கில் கிடக்கிற எதையாவது விற்கத்தானே வேண்டும்?

கிடக்கிறது இரண்டே சாமான். ஒன்று, அத்தான் தானே பார்த்து வாங்கிய வங்கிப் பங்கு. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பிசகாமல் காசு தரும். மற்றது, கஜீவன் அவர் தலையில் கட்டிய மியூச்சுவல் ஃபண்ட்.

ரொறன்ரோவில் முதலீட்டு ஏஜென்ட் ஆகிறவனுக்கு முதல் கஸ்டமர் வேறு யார்? சொந்தக்காரரும் தெரிந்தவர்களும்தான். லைசன்ஸ் எடுத்த கையோடு, அத்தான் தொடக்கம் அவருடைய கூட்டாளி றெமிஜியஸ் அண்ணை வரை கஜீவன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஃபண்ட் என்னவோ வாங்கிய நாளிலிருந்து இறங்கிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் அத்தானின் வாய் சும்மா இருந்ததில்லை. பிறந்தநாளோ கலியாணமோ, கஜீவனின் தலை தெரிந்தால் போதும், மண்டபம் முழுக்கக் கேட்கும்.

“வாங்கோ, வாங்கோ! என்ர காசு செத்து முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிஞ்சுது. அந்திரட்டி செய்த ஐயர் உவர்தான்!”

எல்லோரும் சிரிப்பார்கள். கஜீவனுக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருக்கும். அதே ஃபண்டில் தன் காசையும் போட்டிருந்த றெமிஜியஸ் அண்ணைகூடப் பொறுக்கமாட்டாமல், “விடுங்கோ அண்ணை, பாவம் பெடியன்,” என்று அவன் கையில் ஒரு தட்டுக் கொத்துரொட்டியைக் கொண்டுவந்து திணிப்பார்.

ஏச்சைத் தாங்கலாம். இப்போது வந்த பயம் வேறு. அந்த ஃபண்டை வாங்கியவர் ஐந்து வருடத்துக்குள் விற்றால், விற்றுக்கொடுத்த ஏஜென்ட் தன் கொமிஷனைத் திருப்பிக் கட்டவேண்டும். ஐந்து வருடம் முடிய இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. நாலாயிரம் டொலர்! மனைவி துர்க்காவுக்கு வேலை போய் ஆறு கிழமை. வீட்டு வாடகையே இந்த மாதம் இழுபறி.

“வங்கிப் பங்கை வில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன். அத்தானுக்கு என்ன விளங்கவே போகுது?” என்றாள் துர்க்கா.

மோர்னிங்சைட்டிலிருந்து மார்க்கம் வரை காரில் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு போனான்.

அத்தான் மேசை நிறையக் கடதாசிகளைப் பரப்பி வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார்.

“சொல்லுங்கோ ஐயர். எதை விக்கிறது?”

கஜீவன் வாயைத் திறந்தான். பாடமாக்கியது வரவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா இஞ்சித் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தாறு வருடம் ஃபக்டரியில் நைட் ஷிஃப்ட் செய்து மனுசன் சேர்த்த காசு. அந்த வீட்டில் இருந்து, அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, எப்படிப் பொய் சொல்வது?

“என்ர ஃபண்டை வில்லுங்கோ, அத்தான். முழுசா வில்லுங்கோ. எடுக்கிறதை எடுத்துப்போட்டு, மிச்சத்தை வட்டி வாற டெப்பொசிற்றில போடுங்கோ. வங்கிப் பங்கைத் தொடாதையுங்கோ.”

“வடிவா யோசிச்சோ சொல்லுறாய்?”

“ஓம்.”

“வித்தால் உனக்கு ஒண்டும் இல்லையோ?”

“எனக்கென்ன? ஒண்டுமில்லை.”

“பொய்!” மேசையில் ஓங்கித் தட்டினார். தேத்தண்ணி சிந்தியது. “வாங்கின கொமிஷனைத் திருப்பிக் கட்டவேணும். பாங்கில வேலை செய்யிற துவாரகாப் பிள்ளை எல்லாம் சொல்லிப்போட்டுது.”

கஜீவன் சிந்திய தேத்தண்ணியைத் துடைக்கத் தொடங்கினான்.

அத்தான் ஒரு கடதாசியை அவன் முன்னால் தள்ளினார். வங்கிப் பங்கை விற்றதற்கான துண்டுச்சீட்டு. திகதி, போன செவ்வாய்க்கிழமை.

“ஐயோ அத்தான்! நல்ல பங்கை ஏன் வித்தனீங்கள்?”

“உன்ர கோதாரியை வித்தால் நீ வாடகைக்கு எங்க போவாய்? அஞ்சு வருசம் முடியிற சித்திரை மட்டும் அது கிடக்கட்டும். பிறகு பாப்பம்.”

“அப்ப என்னை ஏன் வரச்சொன்னனீங்கள்?”

“நீ என்ன சொல்லுவாயெண்டு பாக்கத்தான்.”

கஜீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா! ஒரு கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது. மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை ஊற்றினாள்.

சந்தோசத்தில் கொஞ்சம் துணிவும் வந்துவிட்டது.

“அப்ப அத்தான், இனி அந்த அந்திரட்டிக் கதையையும் விடலாம்தானே?”

“உனக்கென்ன விசரோ?” அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். “உன்னட்டை அந்த ஃபண்டை வாங்கினவை பதினொரு பேர். நான் ஏசுறதை நிப்பாட்டினால் மற்றப் பத்துப் பேரும் தொடங்குவினம்!”