முரடனா, வௌவாலா?

“என்னைக் கேட்டா, வௌவால்தான் பெஸ்ட் சார்,” என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல்.

பி.டி. மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது ரத்தக்காட்டேரிகள் மோதி, கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயிக்கும் ஆன்லைன் கேம் அது. முரடன், வௌவால் என்று காட்டேரிகளில் வகை உண்டு; ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட வேண்டும். இரண்டு வருஷமாக அதில் ஊறியவர் அவர்.

“வௌவாலா? பறந்து தப்பிக்கிற பயந்தாங்கொள்ளிதான் அதை எடுப்பான்! ஆம்பளைன்னா முரடனை எடுக்கணும் மேடம்.”

“முரடன் ஆமை மாதிரி நடப்பானாமே?”

“எவன் சொன்னான்?” மாஸ்டரின் வலது கை காற்றை வெட்டியது. “அவன் நடந்து வந்தாலே மத்தவன் ஓடிருவான். நான் எப்பவுமே முரடன்தான். என் உடம்புலேருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்க இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!”

“மூணு டியூப் எடுத்தாச்சு சார். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க.”

மாஸ்டர் அப்போதுதான் தன் இடது கையைப் பார்த்தார்.

“போன வாரம் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த மனுஷன்!” என்றாள் அவர் மனைவி. “நல்லவேளை, நீங்களும் அந்த கேம் ஆடுறீங்க.”

“எனக்கு ஆடவே தெரியாதும்மா,” என்றாள் ரத்தம் எடுத்தவள். “அன்னிக்கு இவர் விழுந்தப்ப இவர் போன்ல அந்த கேம் ஓடிட்டிருந்துச்சு. என் மகன்கிட்ட நாலு வார்த்தை கேட்டு வச்சுக்கிட்டேன்.”

லேப் வாசலில் லாரி டிரைவர் ஒருவர் உள்ளே வராமல் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வாங்கண்ணே. பஸ் ஓட்டுறதுதான் கஷ்டமாம், லாரியை யாரு வேணா ஓட்டலாமாமே?”

“எவன் சொன்னான்?” என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார் அவர்.