கணவாயிலிருந்து இறங்கிய சைக்கிள்

சைக்கிளில் வந்தவனின் மார்பு முழுக்க ரத்தம். ஆனால் அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை ஷுக்ரு கவனித்தான்.

அதைவிட அந்த சைக்கிள்தான் அவனை உலுக்கியது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மஞ்சள் பைகள், மேலே சுருட்டி வைத்த கூடாரம். காலையில் தன் டீக்கடை வாசலில் ஷுக்ருவே இழுத்துக் கட்டிக் கொடுத்த கயிறு முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

அது இங்காவின் சைக்கிள். டென்மார்க்கில் கிளம்பி, பதினோரு நாடுகளைத் தன்னந்தனியாக மிதித்தே கடந்து வந்த பெண். நேற்று அவன் கடைக்குப் பின்னால் கூடாரம் அடித்துத் தூங்கினாள். அரைகுறைத் துருக்கி மொழியில் "ஷுக்ரு அண்ணே, ஷுக்ரு அண்ணே" என்று வாய் ஓயாமல் பேசினாள், அவன் நம்பரையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

விடிந்ததும் கணவாய் ஏறக் கிளம்பியவளின் பின்னால், ஊர் வழக்கப்படி ஒரு குவளைத் தண்ணீரை வீசி ஊற்றி வழியனுப்பியவன் ஷுக்ரு. தண்ணீர் ஊற்றி அனுப்பிய விருந்தாளிக்கு வழியில் ஒன்று என்றால், ஊற்றியவன் அந்த ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவான்?

வந்தவன் சைக்கிளைப் பதமாகச் சுவரில் சாய்த்தான். நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, புரியாத மொழியில் என்னவோ சொன்னான்.

"எல்லை தாண்டி வந்த ஆப்கான்காரன்டா இவன்," என்றபடி பக்கத்துப் பட்டறை வேதாத் வந்தான். பஞ்சர் ஒட்ட டயரை நெம்பிக்கொண்டிருந்த இரும்பு டயர் லிவர் அவன் கையிலேயே இருந்தது.

ஷுக்ரு ஒரே எட்டில் போய் வந்தவனின் கழுத்துப்பட்டியைப் பிடித்தான். "பொண்ணு எங்கடா? இந்த சைக்கிள்ல போன பொண்ணு எங்க?"

அவன் திரும்பி மலையைக் காட்டினான். இரண்டு கைகளையும் ஏந்தி எதையோ சுமப்பது போலவும், குனிந்து அதைக் கீழே கிடத்துவது போலவும் செய்து காட்டினான்.

"பாத்தியா! தூக்கிட்டுப் போய்ப் போட்டுட்டேங்கிறான்!" வேதாத்தின் குரல் கீச்சிட்டது. "சட்டையப் பாரு, ஒரு பக்கம் கையே காணோம். அந்தப் புள்ள எப்படிப் போராடியிருந்தா அது பிஞ்சு வந்திருக்கும்!"

ஷுக்ரு கையை ஓங்கினான். முதல் குத்து மூக்கில் இறங்கியது. வந்தவன் சுவரில் மோதிச் சரிந்தான். சரியும்போதும் சைக்கிள் விழாமல் இருக்கக் கையை நீட்டிப் பிடித்தான்.

"திருட்டு நாய்க்கு அதை விட மனசு வருதா பாரு!" வேதாத் டயர் லிவரை ஓங்கி அந்த மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கடைக்குள் சூப் குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. விலாவில் ஒரு உதை, முதுகில் ஒரு உதை என்று ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள்.

ஷுக்ரு அழுதுகொண்டே அடித்தான். "அவ என் விருந்தாளிடா! என் தங்கச்சிடா! என்னடா செஞ்ச அவள?"

வந்தவன் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. உடையாத கையைத் தூக்கித் தூக்கி மலையையே காட்டிக்கொண்டிருந்தான். அது அவர்களை இன்னும் வெறியேற்றியது.

"போதும்ப்பா, செத்துத் தொலையப் போறான். போலீஸ் வந்து பாத்துக்கட்டும்," என்றார் ஒருவர்.

"போலீஸா? நாலு நாள் உக்கார வெச்சு சோறு போட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கி விடுவான். அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று வேதாத் சீறினான்.

ஷுக்ரு பூட்ஸ் காலை விழுந்து கிடந்தவனின் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினான். வாயிலிருந்து ரத்தம் நுரைத்து வந்தது. மலையைக் காட்டிய கை மெதுவாக மண்ணில் விழுந்தது, அதன் பிறகு அசையவில்லை.

அப்போதுதான் ஷுக்ருவின் போன் அடித்தது. புது நம்பர்.

"ஷுக்ரு அண்ணே, நான் இங்கா பேசறேன்."

ஷுக்ரு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். "உயிரோட இருக்கியாம்மா! டேய், உயிரோட இருக்காடா! எங்கம்மா இருக்க?"

"மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில. தொடையில தையல் போட்டிருக்காங்க. என்னை ஏத்துன கார்ல சைக்கிளுக்கு இடமில்ல. அது அங்க வந்துருச்சா அண்ணே?"

"வந்துருச்சும்மா, பத்திரமா இருக்கு!" ஷுக்ரு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "கொண்டுவந்தவனும் இங்கதான் இருக்கான். தப்பிச்சுப் போக விட்டுருவோமா நாங்க?"

"ஐயோ, அவர் என்னை நாய்க் கூட்டத்துலருந்து மீட்டு, ரோடு வரைக்கும் சுமந்துட்டு வந்தவரு, ரெண்டு நாளாப் பட்டினின்னு சைகையில சொன்னாரு, முதல்ல சூடா ஏதாச்சும் சாப்பிடக் குடுங்கண்ணே!"