படத்தின் கீழோரம்

ஞாயிற்றுக்கிழமை. பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் மெஷின்கள் ஓய்ந்து கிடக்கின்றன; ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் ஆஸ்திரேலியக் கடல் நீலமாக மினுங்குகிறது. வாராவாரம் மகள் யாழினி அனுப்பும் சுற்றுலாப் படம். போன வாரம் கங்காரு. இன்று மணலில் படுத்திருக்கும் கடற்சிங்கங்களுக்கு முன்னால் அவள் மட்டும் சிரிக்கிறாள். “இதுலயும் மாப்பளையக் காணமுங்களே?” என்கிறாள் செல்லாத்தாள், திரையில் மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே. “அவருதான படம் புடிக்கறாரு,” என்று யாழினி போனில் மாதக்கணக்காகச் சொல்லும் பதிலையே செல்லாத்தாளின் கணவர் திருமூர்த்தியும் சொல்கிறார். எந்தப் பனியனைக் கையில் எடுத்தாலும் கீழ்மடிப்பில்தான் முதலில் பழுது தேடும் கண் அவருடையது. அது இப்போதும் படத்தின் கீழோரத்துக்கு இறங்குகிறது. படம் எடுப்பவரின் நிழல் மணலில் விழுந்திருக்கிறது. குட்டை நிழல். தலையில் ரெட்டைச் சிண்டு. கேமராவைத் தூக்கிப் பிடித்த பேத்தியின் சின்னக் கைகள். “பாப்பாவும் இல்லீங்களே?” என்று செல்லாத்தாள் குனிகிறாள். திருமூர்த்தி திரையின் அடியை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார்.